என்னை விட்டுட்டு மாமியாருக்கு மட்டும் ஏன் ரத்தம் எடுத்தாங்க? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

சுகர், பிரஷர் சர்வே எல்லாம் எப்படி நடக்குதுன்னு போன இதழ்ல கொஞ்சம் எழுதியிருந்தேன், அதுக்கு வந்த கேள்விங்கள்ல சிலது இங்க. ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பி மருந்து கேட்டவங்க தயவுசெஞ்சு அத உங்கள நேர்ல பாக்குற டாக்டர்கிட்ட காட்டுங்க, ஆளப் பாக்காம மருந்து சொல்றது சரியில்ல.

எங்க தெருவுக்கு சுகர் சர்வேன்னு ஒரு டீம் வந்துச்சு டாக்டர். வீட்டுல மாமனார், மாமியார், வீட்டுக்காரர், கொழுந்தன், நான்னு அஞ்சு பேர். எல்லார் பேரு, வயசு எழுதிட்டு ஒரு அட்டையப் பாத்துட்டு மாமியாருக்கு மட்டும்தான் ரத்தம் எடுப்போம்னாங்க. எனக்கும் பாருங்கன்னு எவ்வளவோ கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க. ஒரு சொட்டு ரத்தம் எடுக்குறதுல என்ன கஷ்டம்? – சித்ரா, மண்ணச்சநல்லூர்

சித்ராம்மா, உங்க வருத்தம் புரியுது. ஆனா அந்த டீம்காரங்க உங்கள வேணும்னு ஒதுக்கல, வேலைய ஒழுங்கா செஞ்சிருக்காங்க. அந்த அட்டைக்கு கிஷ் கிரிட்னு பேரு, லெஸ்லி கிஷ்ங்கற புள்ளியியல்காரர் 1949ல கொண்டுவந்த முறை. வீட்டுல இருக்குற பெரியவங்க பேர எல்லாம் முதல்ல ஆம்பளைங்கள மூத்தவர்லருந்து இளையவர் வரைக்கும், அப்புறம் பொம்பளைங்கள அதே மாதிரின்னு வரிசையா எழுதுவாங்க. உங்க வீட்டுக்குக் குடுத்த நம்பரையும் எத்தன பேர்ங்கறதையும் அந்த அட்டையில பொருத்திப் பாத்தா ஒரே ஒரு பேர்ல வந்து நிக்கும். அந்த ஆளுக்குத்தான் எடுக்கணும். நீங்களும் மாத்த முடியாது, வந்தவங்களும் மாத்த முடியாது.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, காலைல 10 மணிக்கு ஒரு வீட்டுக் கதவத் தட்டுனா யாரு இருப்பா? வேலைக்குப் போன ஆம்பளைங்க இருக்க மாட்டாங்க, காலேஜ் போன புள்ளைங்க இருக்க மாட்டாங்க, வயசானவங்களும் வீட்டுல இருக்குற பொம்பளைங்களும்தான் இருப்பாங்க. அதுலயும் 'எனக்கும் பாருங்க'ன்னு தானா கைய நீட்டுறவங்களுக்கு மனசுல ஏற்கனவே ஒரு பயம் இருக்கும், அம்மாவுக்கு சுகர் இருந்திருக்கும், இல்ல அடிக்கடி தாகமா இருக்கும். இவங்களையே புடிச்சு கணக்கெடுத்தா ஊர்ல இருக்குறத விட சுகர் அதிகமாத் தெரியும். அதனாலதான் அட்டையில பேர் வந்த ஆள் வீட்டுல இல்லன்னா பக்கத்து வீட்டு ஆள வச்சு ஒப்பேத்தாம திரும்பத் திரும்ப வருவாங்க, விடியறதுக்கு முன்னாடி வெறும் வயித்துல புடிக்கிறதுக்கும் வருவாங்க. இந்த அலைச்சல்லதான் சர்வேயோட மொத்த நம்பிக்கையும் இருக்கு.

உங்களுக்குப் பாக்கணும்னா பக்கத்துல இருக்குற அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நாள் வெறும் வயித்தோட போங்க, காசு வாங்காம பாப்பாங்க. கொழுந்தனையும் கூட்டிட்டுப் போங்க.

இந்தியாவுல 10 கோடி பேருக்கு சுகர்னு டிவில சொல்றாங்க. என்னையோ எனக்குத் தெரிஞ்ச யாரையுமோ எவனும் வந்து டெஸ்ட் பண்ணல. மருந்து கம்பெனிக்காக அடிச்சு விடுற கணக்கா? – கண்ணன், விருதுநகர்

இல்லீங்க கண்ணன். அந்தக் கணக்கு ஐசிஎம்ஆர்-இன்டியாப்ங்கற சர்வேல வந்தது, ஐசிஎம்ஆர்ங்கற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட சேர்ந்து முன்ன நின்னு நடத்துனது நம்ம சென்னையில இருக்குற மெட்ராஸ் டயபெடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் இவங்கதான் அதுல முக்கியமானவங்க. 2008ல ஆரம்பிச்சு மாநிலம் மாநிலமா 2020 வரைக்கும் போய், 1,13,043 பேரப் பாத்து, 2023 ஜூன்ல ரிசல்ட்ட வெளியிட்டாங்க. அதுல சுகர் இருக்குறவங்க 100க்கு 11.4 பேர், பார்டர்ல, அதாவது சுகர் வர்றதுக்கு முந்தின நிலையில இருக்குறவங்க 15.3 பேர், பிரஷர் 35.5 பேர். இத நாட்டு ஜனத்தொகைக்குப் போட்டா சுகர் 10 கோடியே 10 லட்சம், பார்டர் 13 கோடியே 60 லட்சம், பிரஷர் 31 கோடிக்கு மேல.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவாங்கல்ல, அதேதான். ஆனா பானைய நல்லாக் கிளறிவிட்டு எடுத்தாத்தான் அந்த ஒரு சோறு மொத்தப் பானைக்கும் பதில் சொல்லும். மேல இருக்குறதையே எடுத்தா தப்பாப் போயிரும். மேல சித்ராவுக்குச் சொன்ன அட்டை, டவுன் எத்தன கிராமம் எத்தனன்னு பிரிக்கிறது, எந்தக் கிராமங்கறத ஆள் சொல்லாம சீட்டுக் குலுக்குற மாதிரி எடுக்குறது எல்லாம் அந்தக் கிளறல்தான். சரியா எடுத்துட்டா ஒரு லட்சத்து சொச்சம் பேரே தாராளமாப் போதும்.

அந்த சர்வேல மொத்தக் கணக்க விட எனக்குப் பெருசாப் படுறது வேற ஒண்ணு. கோவாவுல 26.4 சதவீதம், புதுச்சேரியில 26.3, கேரளாவுல 25.5, ஆனா உத்தரப்பிரதேசத்துல வெறும் 4.8. பாத்தா உ.பி.காரங்க தப்பிச்சாங்கன்னு தோணும். ஆனா அங்க பார்டர்ல இருக்குறவங்க 18 சதவீதம், அதாவது சுகர் வந்த ஒரு ஆளுக்குப் பின்னாடி கிட்டத்தட்ட நாலு பேர் வரிசையில நிக்குறாங்க. நாளைக்கு எங்க டாக்டர் வேணும், எங்க மருந்து வேணும்னு இன்னைக்கே சொல்லுற கணக்கு இது, இத மருந்து கம்பெனி விளம்பரத்தோட சேக்காதீங்க.

எனக்கு 52 வயசு, மளிகைக் கடை வச்சிருக்கேன். பிரஷர் 160/100னு சொல்லி மாத்திரை குடுத்தாங்க. தலைவலி, தலைசுத்து ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன். மூணு மாசம் சாப்பிட்டு நிறுத்திட்டேன். வயசானா கொஞ்சம் ஏறத்தானே செய்யும்? – பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அண்ணே, நீங்க சொல்றதத்தான் ஒரு காலத்துல பெரிய பெரிய டாக்டருங்களே சொன்னாங்க. அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு 1944 மார்ச்சுல பாத்தப்ப பிரஷர் 186/108. அப்ப நல்ல மருந்தும் கிடையாது, பிரஷர இறக்கணும்ங்கற எண்ணமும் பலருக்கு இல்ல. 1945 ஏப்ரல் 12 அன்னைக்கு பின்தலை பயங்கரமா வலிக்குதுன்னார், அப்படியே சாஞ்சுட்டார், மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு அன்னைக்கே இறந்துட்டார். அப்ப எடுத்த பிரஷர் 300/190.

அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1948ல, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலத்துல ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு சின்ன ஊர்ல 5,209 பேரச் சேத்துக்கிட்டு ஒரு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. நோயாளிங்கள இல்ல, நல்லா நடமாடிட்டு இருந்த சாதாரண ஜனங்கள. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ கூப்பிட்டு பிரஷர், கொழுப்பு, சிகரெட், எடை எல்லாம் எழுதி வச்சுக்கிட்டு, யாருக்கு ஹார்ட் அட்டாக் வருது, யாருக்கு பக்கவாதம் வருதுன்னு பொறுமையாக் காத்திருந்தாங்க. ஒண்ணுமே தெரியாம, உங்கள மாதிரி 'நல்லாத்தான் இருக்கேன்'னு சொல்லிட்டிருந்தவங்கள்ல பிரஷர் கூட இருந்தவங்களுக்குத்தான் அதிகமா வந்துச்சு, வயசுக்கு ஏறுறது சகஜம்னு விட்ட பிரஷரும் கெடுதல்தான்னு அங்கதான் வருஷக்கணக்கா சேத்த ஏட்டுலருந்து தெரிஞ்சுது. இன்னைக்கு எல்லா டாக்டரும் சொல்ற 'ரிஸ்க் ஃபேக்டர்'ங்கற பேச்சும் 1961ல அந்த ஆராய்ச்சிக்காரங்க எழுதுனதுலருந்து பரவுனதுதான். அவங்க புள்ளைங்களையும் 1971ல சேத்தாங்க, பேரப்புள்ளைங்கள 2002ல சேத்தாங்க, இன்னும் நடக்குது.

அதனால தலை சுத்துனாத்தான் மாத்திரைன்னு இருக்காதீங்க அண்ணே, பிரஷர் அப்படிச் சொல்லிட்டு வராது. நாளைக்கே போய் திரும்பப் பாருங்க. உக்காந்து அஞ்சு நிமிஷம் பேசாம இருந்துட்டு, காபி, பீடி இல்லாம, ரெண்டு தடவ எடுக்கச் சொல்லுங்க. கடைய விட்டுட்டு மாசா மாசம் வரிசையில நிக்க முடியலன்னா மக்களைத் தேடி மருத்துவம்ல பேரக் குடுங்க, 2021 ஆகஸ்டுல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம், சுகர், பிரஷர் மாத்திரைய வீட்டுக்கே கொண்டாந்து குடுக்குறாங்க.

குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு 164. பார்டர்னு சொல்லிட்டாங்க. தினமும் நடந்தா சுகர் வரவே வராதா? தெளிவா ஒரே வார்த்தையில சொல்லுங்க. – ஜெயந்தி, தாம்பரம்

ஒரே வார்த்தையில சொன்னா பொய்யாயிரும் ஜெயந்தி, கொஞ்சம் பொறுமையாப் படிங்க, இந்த மாசம் வந்த கேள்விங்கள்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் பட்டது உங்களோடதுதான்.

75 கிராம் குளுக்கோஸ் குடிச்சு ரெண்டு மணி நேரத்துல 140க்கு கீழ இருந்தா நார்மல், 200ஐத் தொட்டா சுகர், நடுவுல இருக்குறது நீங்க நிக்குற இடம். உங்கள மாதிரி நடுவுல இருந்த 531 பேர வச்சு சென்னையில டாக்டர் ஏ. ராமச்சந்திரன் டீம் ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2006ல வெளிவந்துச்சு. சும்மா பாத்து எழுதுற சர்வே இல்ல, ஆளுங்கள நாலு குரூப்பாப் பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு வழக்கமான அட்வைஸ் மட்டும். ஒரு குரூப்புக்கு தினம் அரை மணி நேரம் வேகமா நடக்கணும், சாப்பாட்டுல மாவு, சர்க்கரை, எண்ணெயக் குறைக்கணும்னு விடாம சொல்லிக் கூடவே இருந்தாங்க. ஒரு குரூப்புக்கு மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திரை. ஒரு குரூப்புக்கு ரெண்டும். மூணு வருஷம் கழிச்சுப் பாத்தா, ஒண்ணும் செய்யாத குரூப்புல 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துருச்சு. நடந்தவங்கள்ல 39 பேருக்கு. மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 40.5. ரெண்டும் செஞ்சவங்கள்ல 39.5, அதாவது ரெண்டையும் சேத்ததால கூடுதலா ஒண்ணும் கெடைக்கல.

இப்ப இந்தக் கணக்க உங்க மேல வச்சுப் பாருங்க. ஒண்ணுமே செய்யாத 100 பேர்ல 45 பேருக்கு மூணு வருஷத்துல வரல. ஒழுங்கா நடந்த 100 பேர்லயும் 39 பேருக்கு வந்துருச்சு. நடுவுல இருக்குற அந்த 16 பேர்தான் நடந்ததால தப்பிச்சவங்க. நீங்க இந்த மூணுல யாருன்னு எந்த டாக்டராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது. கூட்டத்துக்குத்தான் கணக்கு உண்டு, தனி ஆளுக்கு வாய்ப்புதான் உண்டு. கிட்டத்தட்ட ஆறு பேர் மூணு வருஷம் விடாம நடந்தா ஒருத்தர் தப்பிக்கிறாங்க, அந்த ஒருத்தர் நீங்களா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, இத விட நல்ல சேதி மருத்துவத்துல அடிக்கடி வராதும்மா.

இன்னொண்ணு, இத எல்லா பொம்பளைங்களும் கவனிக்கணும். அந்த ஆராய்ச்சியில நடந்தவங்களுக்கு எடை பெருசாக் குறையவே இல்ல, ஆனாலும் பலன் இருந்துச்சு. 'ஒரு மாசமா நடக்குறேன், ஒரு கிலோ கூட எறங்கல'ன்னு நடையையே விட்டுடுற ஆளுங்க எத்தன பேர்! எடை மெஷின்ல முள்ளு நகரலன்னா நடந்தது வீண்னு அர்த்தம் இல்ல. அதே மாதிரி நீங்க எல்லாம் செஞ்சும் நாளைக்கு சுகர் வந்துருச்சுன்னா உங்க மேல தப்புன்னு யாரும் சொல்ல விடாதீங்க, நீங்களும் சொல்லிக்காதீங்க. வருஷத்துக்கு ஒரு தடவ டெஸ்ட் எடுங்க.

நான் ஒல்லி, 58 கிலோதான். எனக்கு சுகர்னு சொன்னதும் ஆபீஸ்ல எல்லாரும் நம்பவே மாட்டேங்குறாங்க, லேப் தப்பா இருக்கும்ங்குறாங்க. ஒல்லியா இருக்குறவனுக்கு எப்படி சார் வரும்? – பிரகாஷ், ஓசூர்

நல்லா வரும் தம்பி. புனேயில டாக்டர் யாஜ்னிக், லண்டன்ல டாக்டர் யுட்கின்னு ரெண்டு பேர், 2004ல அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நின்ன போட்டோவையே லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க. உயரத்துக்கு எடையப் போட்டுப் பாக்குற பிஎம்ஐ ரெண்டு பேருக்கும் அதே 22.3. ஆனா உடம்புல கொழுப்பு எவ்வளவுன்னு அளந்தா மாரத்தான் ஓடுற யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெளிய பாத்தா ஒரே மாதிரிதான், உள்ள ரெண்டு மடங்குக்கு மேல. யாஜ்னிக் டீம் புனே பக்கத்துக் கிராமங்கள்ல பொறந்த குழந்தைங்களையே அளந்து பாத்தாங்க, சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்து சவுத்தாம்டன்ல 3.5 கிலோ. நம்ம குழந்தைங்களுக்கு சதை கொறஞ்சிருக்கு, ஆனா தோலுக்கடியில கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் கொறையல. அதாவது தாயோட வயித்துலருந்தே ஆரம்பிக்குற கதை.

அதனாலதான் நமக்கு பிஎம்ஐ 23 தாண்டுனாலே கவனிக்கணும்னு சொல்றது, இடுப்பு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80ங்கறது. பேன்ட் சைஸப் பாத்து அளவு சொல்லாதீங்க, அது தொப்பைக்குக் கீழ நிக்கும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவுல டேப்ப வச்சு, மூச்ச விட்டுட்டு, இறுக்காம அளங்க. ரிப்போர்ட்ல சந்தேகம் இருந்தா இன்னொரு நாள் திரும்ப எடுத்துப் பாத்துக்கலாம், அதுலயும் அப்படியே வந்தா ஆபீஸ்ல சொல்றதக் கேட்டுட்டு சும்மா இருந்துறாதீங்க.

ஒரு நாள் காபி நல்லதுங்குறான், மறுநாள் கெட்டதுங்குறான். முட்டைக்கும் அதே கதை. எல்லாமே 'ஆராய்ச்சியில் தகவல்'. யாரத்தான் நம்புறது? – மீனாட்சி, காரைக்குடி

ஆச்சி, ஆராய்ச்சின்னு ஒரே பேர்ல ரெண்டு விதமானது வருது. ஒண்ணு, ஜனங்க அவங்க பாட்டுக்கு இருக்குறத ஓரமா நின்னு பாத்து எழுதுறது. இன்னொண்ணு, சீட்டுக் குலுக்கி ரெண்டு குரூப்பாப் பிரிச்சு ஒரு குரூப்புக்கு மட்டும் குடுத்துப் பாக்குறது. முதல் வகையில காபி நெறைய குடிக்குறவங்க சிகரெட்டும் நெறைய புடிக்குறவங்களா இருந்தா, சிகரெட் செஞ்ச கேடு காபி தலையில விழும்.

இதோட விபரீதத்துக்கு ஒரு நிஜ உதாரணம் சொல்றேன். காய், பழம் நெறைய சாப்பிடுறவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கம்மியா இருக்குன்னு பல சர்வேல தெரிஞ்சுது. அதுல இருக்குற பீட்டா கரோட்டின்ங்கற சத்துதான் காப்பாத்துதுன்னு நெனச்சு, பின்லாந்துல சிகரெட் புடிக்குற 29,133 ஆம்பளைங்கள சீட்டுக் குலுக்கிப் பிரிச்சு அந்த மாத்திரையக் குடுத்துப் பாத்தாங்க. 1994ல ரிசல்ட் வந்தப்ப, மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாயிருந்துச்சு. காய்கறி மேல தப்பில்ல, காய்கறி சாப்பிடுற மனுஷனோட வாழ்க்கையவே மாத்திரையில அடைக்க முடியும்னு நெனச்சதுதான் தப்பு. அதனால செய்தி வந்தா பாத்து எழுதுனதா, பிரிச்சுக் குடுத்துப் பாத்ததான்னு முதல்ல தேடுங்க, அந்த விவரமே இல்லாத செய்திய வச்சு சமையல மாத்த வேண்டாம்.

அப்பாவுக்கு 60 வயசு, 40 வருஷமா பீடி. இனிமே விட்டு என்ன ஆகப்போகுதுன்னு கேக்குறார். – சரவணன், செஞ்சி

அப்பாகிட்ட இதப் படிச்சுக் காட்டுங்க சரவணன். ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில்னு ரெண்டு பேர் 1951ல பிரிட்டன் டாக்டருங்களுக்கே கடுதாசி போட்டு, நீங்க சிகரெட் புடிப்பீங்களான்னு கேட்டு, பதில் போட்ட ஆம்பளை டாக்டருங்க 34,439 பேரத் தொடர்ந்து பாக்க ஆரம்பிச்சாங்க, அது 50 வருஷம் நடந்துச்சு. விடாம புடிச்சவங்க சராசரியா 10 வருஷம் முன்னாடியே போயிட்டாங்க. 30 வயசுல விட்டவங்க அந்த 10 வருஷத்தையும் கிட்டத்தட்ட முழுசா மீட்டுட்டாங்க, 40ல விட்டா 9, 50ல விட்டா 6, 60ல விட்டாலும் 3 வருஷம். அப்பாவுக்கு 3 வருஷம்னா பேரப்புள்ளைங்க கூட 3 தீபாவளி, 3 பொங்கல்.

அது வெள்ளக்காரன் சிகரெட்டு, நம்ம பீடி வேறன்னு சொன்னாருன்னா, அதுக்கும் பதில் இருக்கு, அதுவும் உங்க ஊர்ப்பக்கமே. சென்னையிலயும் விழுப்புரம் மாவட்டத்துலயும் இறந்துபோன 43,000 ஆம்பளைங்களப் பத்தி வீடு வீடாக் கேட்டு, உயிரோட இருந்த 35,000 பேரோட ஒப்பிட்டு டாக்டர் கஜலட்சுமி டீம் 2003ல வெளியிட்டாங்க. கிராமத்துல பெரும்பாலும் பீடிதான். புகை புடிச்சவங்க டிபியில சாகுறது புடிக்காதவங்கள விட நாலு மடங்குக்கு மேல. அப்பாவுக்கு ரெண்டு வாரத்துக்கு மேல இருமல் இருந்தா சளி டெஸ்டும் எடுத்துருங்க.

சர்வேல குடுத்த ரத்தத்த வேற எதுக்காச்சும் வித்துருவாங்களா? – பாத்திமா, மேலப்பாளையம்

ஆரம்பத்துல ஒரு சம்மதப் படிவம் குடுப்பாங்க, தமிழ்ல இருக்கும், படிக்காம கையெழுத்துப் போடாதீங்க. ரத்தத்த எதுக்குப் பயன்படுத்துவாங்க, எடுத்து வைப்பாங்களான்னு அதுல இருக்கணும். எந்தக் கட்டத்துலயும் வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு, உங்க ரிசல்ட்டக் கேட்டு வாங்கவும் உரிமை இருக்கு.

டொக்டர், என்ட அண்ணா வயல் செய்யிறவர். சீனி வருத்தமும் இல்ல, பிரஷரும் இல்ல. இப்ப ரெண்டு கிட்னியும் பழுதெண்டு சொல்லிட்டினம். தண்ணிதான் காரணமெண்டு ஊரில கதைக்கினம். உண்மையோ? – வவுனியாவிலிருந்து ஒரு தங்கச்சி

தங்கச்சி, உங்க அண்ணாவ நெனச்சா மனசு ரொம்ப கனக்குது. 1990கள்லருந்து அனுராதபுரம், பொலன்னறுவை பக்கம், மதவாச்சி, பதவியா மாதிரி இடங்கள்ல இப்படித்தான் சுகர், பிரஷர் இல்லாத விவசாயிங்களுக்கு சிறுநீரகம் போறதப் பாத்தாங்க. ஆந்திராவுல ஸ்ரீகாகுளம் மாவட்டம் உத்தானம் பகுதியிலயும், எல் சால்வடோர், நிகரகுவாவுல கரும்பு வெட்டுறவங்கள்லயும் இதே கதை. இத்தன தூரம் தள்ளித் தள்ளி இருக்குற ஊருங்கள்ல பொதுவா இருக்குறது வெயில், வியர்வை, ஓயாத வயல் வேலை. அதனால உடம்புல தண்ணி வத்துறதச் சொல்றாங்க, நிலத்தடித் தண்ணியில இருக்குற ஃப்ளோரைடு, கடினத்தன்மையச் சொல்றாங்க, பூச்சிமருந்தச் சொல்றாங்க. இலங்கை அரசு 2015ல கிளைபோசேட்ங்கற களைக்கொல்லியத் தடையே பண்ணிச்சு. ஆனா இது ஒண்ணுதான் காரணம்னு எந்த ஆராய்ச்சியும் இன்னும் நிறுவல, பல காரணம் சேர்ந்து அடிக்குதுங்கறதுதான் பலரோட கருத்து.

வீட்டுல இருக்குற மத்தவங்களுக்கு இப்பவே செய்ய வேண்டியது இருக்கு. இந்த நோய்ல ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது, மூத்திரத்துல புரதமும் கொஞ்சமாத்தான் போகும், அதனால மூத்திர டெஸ்ட் மட்டும் பாத்துட்டு நல்லாருக்குன்னு விட்டுறாதீங்க, ரத்தத்துல கிரியேட்டினினும் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேத்த வேண்டிய ஒரு கழிவு) வருஷா வருஷம் பாக்கணும். வயலுக்குப் போறவங்க உச்சி வெயில்ல நிழலுக்கு வந்து தண்ணி குடிக்கணும். சாயங்காலம் உடம்பு வலிக்குதுன்னு கடையில டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரைய வாங்கி முழுங்குறத அடியோட நிறுத்தச் சொல்லுங்க.